பந்து நிலத்தில் பட்டது

முகக்கவசத்துக்குள் என் மூச்சின் சூடு, ஈரத் தோலின் மணம், அடிக்கும் சத்தத்துக்கு முன் ஒரு கணம் அமைதி... ஹனோவருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பேஸ்பால் மைதானம். இரண்டாயிரங்களின் தொடக்கம்.

அந்த விளையாட்டை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்கென்று மனைவி அவர்களோடு லண்டனுக்குப் போய்விட்டார். ஜெர்மனியிலிருந்த ஈழத்தமிழர் பலர் அப்போது அப்படித்தான் போனார்கள். நான் வரமாட்டேன் என்று நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியாது. நடக்கப் போன வழியில் அந்த மைதானம் இருந்தது. ஜெர்மன் விதிப்புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, பரீட்சை எழுதி, நடுவரானேன்.

கீழ்மட்டப் போட்டிகளுக்கு ஊர்க் கழகமே நடுவரைக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் விளையாடத்தான் ஆசை, நடுவராக நிற்க எவருக்கும் விருப்பமில்லை. அதனால் என்னைக் கொண்டாடினார்கள். ஆட்டம் முடிந்து இறைச்சி வாட்டும்போது எனக்கும் ஒரு கதிரை இருக்கும். அதற்காகத்தான் கிழமை முழுக்கக் காத்திருந்தேன்.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். வென்றால் எங்கள் கழகம் மேல் பிரிவுக்குப் போகும். எதிரணி அடித்த பந்தை எங்கள் டோபியாஸ் ஓடிவந்து, பாய்ந்து பிடித்தான். கூரை வேலை செய்கிறவன், நல்ல ஓட்டக்காரன். கையுறையை உயர்த்திக் காட்டினான். எல்லோரும் துள்ளினார்கள்.

கிரிக்கெட்டைப் போலத்தான்... நிலத்தில் படாமல் பிடித்தால்தான் ஆட்டமிழப்பு. பந்து புல்லில் பட்டுக் கையுறைக்குள் ஏறியதை நான் கண்டேன். பிடி இல்லை என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

அந்தப் பந்தில் எதிரணி எடுத்த ஓட்டத்தால் தோற்றோம். எங்கள் ஆளே எங்களைத் தோற்கடித்தான் என்று என் காதுபடவே பேசினார்கள்.

டிசம்பரில் கழகத்தின் ஆண்டிறுதி விருந்து. சிறந்த களத்தடுப்பாளர் கோப்பை டோபியாஸுக்கு. ஒருவரைத் தவிர நாம் எல்லோரும் பார்த்த அந்தப் பிடிக்காக என்று தலைவர் யூர்கன் அறிவித்தார். சிரிப்பு அடங்கியதும் என் பக்கத்தில் வந்து இருந்தார். கெட்ட மனிதர் அல்ல.

“நாதன், எழும்பிப் போய், வசந்தத்துக்கு முதல் புதுக் கண்ணாடி வாங்கிறன் எண்டு பகிடியாச் சொல்லு. எல்லாரும் சிரிப்பினம். ஏப்ரலில திரும்ப நீதான் நடுவர்.”

சொல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

“பந்து நிலத்தில பட்டது,” என்றேன். கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த சிவம் அண்ணையிடம் இதைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

“ஒரு பகிடியைச் சொல்லியிருந்தா உமக்கு என்ன குறைஞ்சு போகும்? லண்டனிலயும் மனுசி உம்மட வாயில இருந்து ஒரு சொல்லுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா.”

அது வேறு, இது வேறு என்றேன்.

குளிர்காலம் முழுக்க விதிகளைத் திரும்பப் படித்தேன். ஏப்ரல் வந்தது. அழைப்பு வரவில்லை.

முதல் ஆட்டத்தன்று போய் வேலிக்கு வெளியே நின்றேன். வேறொருவர் நடுவர். யூர்கன் தூரத்திலிருந்து கையசைத்தார். உருண்டு வந்த பந்தை எடுக்க டோபியாஸ் வேலியடிக்கு வந்தான். குனிந்தபடியே பேசினான்.

“பட்டதுதான் நாதன். எனக்கு அப்பவே தெரியும்.”

அப்படியென்றால் அவர்களிடம் சொல்லேன் என்றேன்.

“அம்மா கோப்பையைக் கண்ணாடி அலுமாரிக்குள்ள வைச்சிட்டா. இனி என்னெண்டு சொல்லுறது?”

பந்தோடு ஓடிவிட்டான். உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஆனோம்... அவன் உள்ளே, நான் வெளியே.

இப்போது ஆட்டமில்லாத மாதங்களில் கணினியைத் திறந்தால் அமெரிக்க பேஸ்பால் செய்திகள்தான். களத்தடுப்பு விருது யாருக்கு, எந்த நடுவர் பிழைவிட்டார் என்று ஒரே சண்டை. நடுவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நிற்கிறார், எங்கோ ஓர் அறையில் படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். பிழையென்றால் கையை மாற்றிக் காட்டிவிட்டு அடுத்த பந்துக்குப் போகிறார். கண்ணாடி வாங்கு என்று அவரிடம் சொல்வாரில்லை. அந்த வசதி அன்று இருந்திருந்தால் நான் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

சர்ச்சையான பிடி ஒன்றை மெதுவாக ஓட்டிக் காட்டும்போது, படம் முடியும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், பட்டது என்று.

இல்லை, படவில்லை என்று சண்டைக்கு வர வீட்டில் ஒருவரும் இல்லை.