விரித்த கை

நம்பிக்கை அற்றுப் போனதைச் சொல்ல எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "கையை விரிச்சிட்டாங்க." அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை ஆறு வயதில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில், கண்ணால் பார்த்தேன். பார்த்தும் தெரிந்துகொள்ளவில்லை.

கைக்குழந்தையான தம்பிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அத்தை வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தாள். பூசாரி திருநீறு போட்டார். டிஸ்பென்சரி டாக்டரய்யாவின் மருந்துத் தண்ணீரும் வந்து தீர்ந்தது. அன்று காலை அவன் அழுவதையும் நிறுத்திவிட்டான். அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"இன்னைக்குப் பேர் போட மாட்டேன், பாத்துக்க!" என்று கங்காணி கத்தினார்.

"அந்தப் பேர நீங்களே வச்சுக்கங்க," என்றாள் அம்மா. அவரை அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரய்யா தம்பியின் இமையை விலக்கிப் பார்த்தார். வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்தார். அவனை என் மடியில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்தார். அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரிந்து, பிள்ளைக்கு முன்னால் கையை விரிப்பவர்கள் பிள்ளையைக் கேட்பவர்கள். எழுந்து போய்த் தம்பியை அந்தக் கைகளில் வைத்தேன்.

"என்ன புள்ள இது?"

"நீங்கதானே கேட்டீங்க."

அவர் அவனைத் திருப்பித் தரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, கரண்டியால் புகட்டத் தொடங்கினார். கை நடுங்கிப் பாதி தம்பியின் கழுத்தில் வழிந்தது. இவ்வளவு பெரியவருக்குப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் தம்பி பூனைக்குட்டிபோல அழுதான்.

லயத்து வாசலிலேயே அத்தை மறித்தாள்.

"என்னடி ஆச்சு? கையை விரிச்சிட்டாரா?"

"ஆமா அத்தை," என்றேன் பெருமையாக. "நாந்தான் தம்பியக் குடுத்தேன்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அம்மா முந்தானையை விலக்கித் தம்பியைக் காட்டினாள். அதற்கப்புறமும் அத்தை அழுதாள்.

இன்று பதுளை ஆஸ்பத்திரியில் நான் தாதி. கொடுக்க மருந்தில்லாத நாட்களில் கரண்டி பிடித்த என் கையும் அப்படித்தான் நடுங்குகிறது. டாக்டரய்யாவுக்குக் கஞ்சி கொடுக்கத் தெரியும். இந்தப் பிள்ளை பிழைக்காது என்றே நினைத்துக்கொண்டு, அந்தி வரை ஊட்டினார்.