டிரையர் சுவரோரம் ஒரு கம்ப்யூட்டர்

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது போதும்.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் ஃபாக்டரி ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லை. முதலாளியின் மருமகன் பழையதையே அதன் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடும்படி மாற்றிவைத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். அவர் சோதித்துப் பார்த்தது குன்னூரின் காலைக் குளிரில். ஈரம் படக்கூடாதென்று அதை வைத்திருப்பதோ தேயிலை உலர்த்தும் டிரையரின் சுவரையொட்டி. டிரையர் ஓடத் தொடங்கியதும் சுவர் சுடும், கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிடும்.

இந்த வாரத் தேயிலைத் தூள் ஏலத்துக்கு விவரம் அனுப்ப இன்று மதியம் வரைதான் நேரம். பாதியில் நின்றது. திரும்பப் போட்டேன், திரும்பவும் நின்றது.

"வேகத்தைப் பழையபடி கொறைச்சிரலாங்க" என்றேன்.

"ஏனுங்க, காலைல நல்லாத்தானே ஓடுச்சு? நீங்க தொட்டா மட்டும் நிக்குது" என்றார் மருமகன்.

"செவுத்தோரத்துல இருந்தாவது நகத்தலாங்களா?"

"மழைல பூஞ்சை புடிச்சா நீங்க புதுசு வாங்கித் தர்றீங்களா?"

வேகத்தைக் குறைக்கும் செட்டிங்குக்கு அவர் பாஸ்வேர்டு போட்டிருக்கிறார். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்த நான், மதியம் தாண்டும்வரை அட்டையால் அதற்கு விசிறிக்கொண்டு நின்றேன். இந்த வாரத் தூள் ஏலத்துக்குப் போகவில்லை.

முதலாளி கேட்டபோது, "ஆளு சரியில்லீங்க மாமா" என்றார் மருமகன். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

விலை ஏறும்வரை வேறெந்த ஃபாக்டரியும் ஆள் எடுக்காது. அதனால் பெயர் போடாமல் பதிவிடுகிறேன். உங்கள் முதலாளிக்கும் மருமகன் இருந்தால் கீழே எழுதுங்கள். நீங்களும் பெயர் போட வேண்டாம்.