குளிர் வராத நாள்

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம், ஐப்பசி இரண்டாம் வாரம், உச்சிப்பொழுதில் எனக்கு முதன்முதலாகக் குளிர் கண்டது. போடிக்கு மேலே மலைத்தோட்டத்தில், ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில், கணப்பை ஒட்டித்தான் நின்றிருந்தேன். அந்தச் சூட்டிலும் பல் கிட்டியது.

முறைக்காய்ச்சல் (ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறக்குறைய ஒரே வேளைக்கு வரும் குளிர்சுரம்). என்னோடு கணப்புப் பார்த்த சிலமலை ஊர்க்காரர் முத்தையா அண்ணனுக்கும் அதுதான். நாள் மட்டும் வேறு.

"நல்லதாப் போச்சு தம்பி," என்று சிரித்தார். "ஒன் நாள்ல நான் தீயப் பாக்குறேன். என் நாள்ல நீ பாரு. கங்காணிக்கு ஒரு சோலியும் நிக்காது."

தோட்டத்தில் பலரும் இப்படிச் சோடி சேர்ந்திருந்தார்கள். படுத்தவருக்குக் கம்பளி போர்த்தி வெந்நீர் கொடுப்பதும் மற்றவர் பொறுப்பு. அண்ணன் ஒருநாளும் தவறியதில்லை. நானும் தவறவில்லை. காய்ச்சலும் தவறவில்லை, உண்மையில் நாங்கள் நம்பியது அதைத்தான். கொயினாவைக்கூட (சுரத்தை அடக்கும் கசப்பு மருந்து) குளிர் வரும் நாளில் மட்டுமே விழுங்கினோம். வராத நாளில் மருந்து எதற்கு?

கார்த்திகையில், அண்ணனுடைய நாளொன்றில், அவருக்குப் போர்த்திவிட்டு எழுந்தபோது எனக்கும் குளிர் கண்டது. தரையில் சுருண்டேன்.

"இன்னைக்கு ஒன் முறை இல்லையேப்பா," என்றார், தாடை நடுங்க. "என் நாளை ஏன்டா களவாங்குற?"

பிறகு ஊர்ந்து வந்து தம் கம்பளியை என்மேல் போட்டார். கணப்பு அணைந்தது. காய் பறிக்கப் போனவர்கள் மாலையில் திரும்பித்தான் எங்களைக் கண்டார்கள்.

மறுநாள் தூளி கட்டிப் போடிக்கு இறக்கினார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் அதட்டவில்லை. அலுத்த குரலில் சொன்னார்: "குளிர் வராத நாள்லயும் அது ஒங்க ரத்தத்துலதான்யா இருக்கு. அன்னைக்கும் மருந்து சாப்பிட்டிருக்கணும்."

அண்ணனுக்குக் கருநீர்ச் சுரம் (ரத்தம் சிதைந்து சிறுநீர் கறுத்துப்போகும் நிலை). மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

மலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: தெம்பாக எழுந்திருக்கும் நாளிலும் கொயினாவை விடாதீர்கள். நோய் நாள் தவறாமல் வருவதால் அதற்கு வாக்குச் சுத்தம் உண்டென்று எண்ணிவிடாதீர்கள். வாக்குச் சுத்தம் எதுவென்று நான் கண்டது அந்தக் கம்பளியில்.

தை மாதம் எனக்குக் காய்ச்சல் விட்டது. நாட்களைக் கிழமைகளாக எண்ணும் பழக்கம் மட்டும் என் உடம்புக்குத் திரும்பவில்லை. ஒருநாள் என்னுடையது, மறுநாள் அவருடையது. அவர் நாளில், உச்சிப்பொழுது ஆனதும், கை தானாக வெந்நீர்ச் செம்பைத் தேடுகிறது.