ஒரு திருக்கையின் அகலம்

நல்லம்பள்ளியில் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. ஒரே பக்கத்தை இருபது பிரதி எடுக்கச் சொல்லியிருந்தேன். ஏழெட்டு வெளியே வந்திருக்கும். கைபேசியில் ஆரோக்கியமேரி அம்மையாரின் மகள் பேசினார்.

"அம்மா போயிட்டாங்க மாமா. சிரமப்படலீங்க. காப்பி கேட்டாங்க, எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கார அம்மா, "நிறுத்திரட்டுங்களா?" என்றார். "நிறுத்தாதீங்க, எடுங்க" என்றேன்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. கையில் ஊசி குத்தக்கூட இடமில்லாமல் போன பிறகும் டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தவருக்கு அந்த அலைச்சல் முடிந்தது என்பது ஒன்று. இன்னொன்று என் சொந்த நிம்மதி. இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பக்கம் அச்சில் வந்ததை அவர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். இரண்டு வாரம் முன்னதாகப் போயிருந்தால் நான் மிச்ச நாளை எப்படிக் கழித்திருப்பேனோ தெரியாது.

நம் கல்லூரியில் வேலை பார்த்த உங்களுக்கு அவர் 'லைப்ரரி மேடம்'. நான் விலங்கியல் ஆய்வக உதவியாளன். எட்டாம் வகுப்போடு நின்றவன். பாட்டில் கழுவ வந்தவன், பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று அகராதியை வைத்துக்கொண்டு தானாகப் படித்தவன். கடலே இல்லாத மாவட்டத்தில் சுறாவையும் திருக்கையையும் என்னைப் போலப் பிரித்துச் சொல்ல ஆளில்லை என்று அப்போதும் சொல்வேன், இப்போதும் சொல்வேன். செவுள் பிளவுகள் தலைக்குப் பக்கவாட்டில் இருந்தால் சுறா, அடியில் இருந்தால் திருக்கை. சுறாவைப் போலவே நீண்டு ஏமாற்றுகிற திருக்கையும் உண்டு. புரட்டிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாணவர்களுக்காக நான் ஓர் அட்டவணை செய்தேன். பத்தொன்பது வரி. வரிக்கு ஒரு மீன்: பல், துடுப்பு, முள், உடலின் நீள அகலம். அதைச் செய்ய எனக்கு ஐந்து ஆண்டு பிடித்தது. பிறகு அது ஓர் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது, துறைத் தலைவர் பெயரில். கடைசியில் 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. ஊழியர்கள் என்று பன்மையில். அந்த ஆய்வகத்தில் என்னைத் தவிர ஊழியர் யார் இருந்தார்கள்? துறைத் தலைவர் இறந்து பல ஆண்டாகிறது. நான் மன்னிக்கவில்லை. மேடத்துக்கான இந்த நினைவு மலரில் அதை எழுத வேண்டாம் என்று நம் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் சொன்னார்கள். எழுதுகிறேன்.

இதழ் வந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். வேறு யாராக இருந்தாலும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். மேடம் கட்டுரையைக் கடைசிவரை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க செஞ்சதுன்னு நான் நம்பறேன் மாதையண்ணா. ஆனா நான் நம்பி என்ன ஆகப்போவுது? காட்டுங்க."

"எதைக் காட்டறது மேடம்? அஞ்சு வருச உழைப்பைக் காட்டச் சொல்றீங்களா?"

"உழைப்பு அச்சுல தெரியாதுங்க. வேற எதாச்சும் இருந்தா கொண்டாங்க."

கோபித்துக்கொண்டு ஒரு மாதம் நூலகப் பக்கமே போகவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேசை இழுப்பறையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, அந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாலும் ஆளுக்கு ஒரு வெள்ளை அட்டை எழுதி உள்ளே போட ஆரம்பித்தார். யார், எந்த இதழ், எந்தப் பக்கம், எதை எடுத்தார்கள். ஓய்வு பெற்று அதியமான்கோட்டையில் வீடு கட்டிப் போன பிறகும் பெட்டி அவரோடு போனது. மேற்கோள்களை எண்ணிப் பார்க்கிற அந்த வேலைக்கு நூலகவியலில் பெரிய பெயர் இருக்கிறது. அவர் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். "யாரு யாரைப் பாத்து எழுதினாங்கன்னு பாக்கறேன்" என்பார்.

அவரிடம் நான் அடிக்கடி கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "எத்தனை பேர் ஒரு பேரைச் சொன்னாங்கங்கறது அந்தப் பேரு எவ்வளவு தூரம் போச்சுன்னுதான் சொல்லும். எழுதினது யாருன்னு சொல்லாது." அப்படியானால் எதற்கு இத்தனை அட்டை என்று நான் சண்டை போடுவேன். "பொறுங்க" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மதியம் வரச் சொன்னார். நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் அவர் வீட்டு சன்னல் அதிரும். மேசையில் வெள்ளை அட்டைகளுக்குப் பக்கத்தில் சிவப்பு அட்டைகள் ஒரு கட்டு இருந்தன.

"பன்னெண்டாவது வரி ஞாபகம் இருக்குங்களா?"

ஞாபகம் இருந்தது.

"அந்தத் திருக்கைக்கு அகலத்தை விட நீளம் சாஸ்தின்னு போட்டிருக்கு. கடலோரத்துல ஒரு பொண்ணு புதுசா ஆராய்ச்சி பண்ணிருக்குது. பச்சை மீனை அளந்திருக்குது. அகலந்தான் சாஸ்தியாம். பச்சை மீனை அளந்த யாரும் உங்க கட்டுரையில இருக்கற எண்ணை எழுதவே முடியாதுங்க. ஆனா பாருங்க, இத்தனை பேர் அதையே எழுதிருக்காங்க. மீனைப் பாக்கல, அட்டவணையைப் பாத்திருக்காங்க. அதான் சிவப்பு." அந்தக் கட்டை என் பக்கம் நகர்த்தினார். "அந்த மீனைக் காஞ்சதுக்கு அப்புறம் அளந்தீங்களா?"

ஆமாம். அந்த ஒரு மீன் மட்டும் எங்கள் பாட்டில்களில் இல்லை. துறைத் தலைவர் கடற்கரைக்குப் போனால் பச்சை மீனாகத்தான் கொண்டுவருவார். அதை அவரும் கொண்டுவரவில்லை. கம்பைநல்லூர்ச் சந்தையில் கருவாட்டுக் கடையில் அது முழுசாகக் காய்ந்து கிடந்தது. டேப்பை எடுத்து அங்கேயே அளந்தேன். கடைக்கார அம்மா, "என்னங்க, கருவாட்டுக்குச் சட்டை தெக்கப் போறீங்களா?" என்று கேட்டுச் சந்தையே சிரித்தது. உப்பில் காயும்போது திருக்கையின் மெல்லிய ஓரங்கள்தான் முதலில் சுருங்கி மடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கட்டுரை வந்த மறு ஆண்டு மாணவர் சுற்றுலாவுக்குக் கடற்கரை போனபோது அதே மீனைப் பச்சையாகப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தப்பு துறைத் தலைவர் பெயரில்தானே இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டதாகச் சொன்னேன்.

"ஓகோ. பதினெட்டு வரி உங்களுது, ஒரு வரி மட்டும் அவருதா?"

அவர் என் பழைய நோட்டைக் கேட்டார், மறுநாள் கொண்டுபோனேன். அதில் பன்னிரண்டாம் வரிக்கு நேராக, கம்பைநல்லூர்ச் சந்தை என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"முப்பது வருசமா காட்டுங்க காட்டுங்கன்னேன். இதாங்க அது. சரியா எழுதினதை யார் வேணா எழுதிருக்கலாம். இந்தத் தப்பை உங்களைத் தவிர யாராலயும் பண்ணிருக்க முடியாது."

என் பெயரை மீட்டெடுக்க ஒரே வழி, அந்தத் தவறு என்னுடையது என்று அச்சில் ஒப்புக்கொள்வது. நான் முடியாது என்றேன். என் பெயர் முதல்முறையாக ஓர் ஆய்விதழில் வரும்போது தப்புக்காரன் என்று வர வேண்டுமா? இரண்டு ஆண்டு முடியாது என்றேன். அதற்குள் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. சிகிச்சையிலிருந்து திரும்பிக் களைத்துப் படுத்திருக்கும்போதும் விடமாட்டார். "எப்ப எழுதப் போறீங்க?" என்பார். "நீங்க முதல்ல எந்திரிங்க மேடம்" என்பேன். "நான் எந்திரிக்கறதுக்கும் நீங்க எழுதறதுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு பேருக்கும் முடியலேன்னு ஆயிரப்போவுது" என்று சிரிப்பார்.

என்னை அசைத்தது அவருடைய நோய் என்று நினைக்காதீர்கள். ஒரு கேள்வி. அட்டவணையிலேயே நல்ல குறிப்பு பன்னிரண்டாம் வரியில்தான் இருக்கிறது: அதே சாயலில் உள்ள மற்ற திருக்கைகளிலிருந்து இதைப் பிரிக்க, நடுமுதுகில் விரலை ஓட்டினால் தட்டுப்படும் சிறு முள் வரிசையைப் பார்க்க வேண்டும் என்பது. அது அளவைப் போலப் பிசகவில்லை. அந்த மீன் காய்ந்தாலும் அழுகினாலும் முள் இருக்கும். ஒருநாள் அதைக் காட்டி அவர் கேட்டார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னா?"

"அந்தக் கருவாட்டுக்காரம்மாதான். கண்ணை மூடிட்டுத் தடவிப் பாருங்கன்னு கையைப் புடிச்சு வெச்சுது."

"அவங்க பேரு?"

தெரியாது என்றேன். எத்தனையோ ஆண்டாக அந்தக் கடையில் கருவாடு வாங்குகிறவன் நான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊழியர்கள் என்ற அந்தப் பன்மைச் சொல் எனக்கு நினைவு வந்தது. அந்த அம்மாவுக்கு நான் அதுகூடப் போடவில்லை.

அடுத்த சந்தையன்று கம்பைநல்லூர் போனேன். மருமகள் எடை போட, அந்த அம்மா பின்னால் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டேன்.

"எம் பேரு எதுக்குங்க? எவனாச்சும் கேசு போட்டிருக்கானா?"

"புத்தகத்துல போடறதுக்கும்மா. முள்ளு பாத்துக் கண்டுபுடிக்கச் சொன்னீங்கல்ல."

"அதுக்குப் போயி பேரு போடுவாங்களா?" மருமகளைப் பார்த்தார். "ரேசன் கார்டுல பாப்பம்மாள்னு இருக்குது. அதையே போடுங்க. ஏ புள்ள, இவருக்கு நெத்திலி ஒரு கை அள்ளிப் போடு. சட்டை தெக்க வந்தவரு."

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். எட்டு வரி. அட்டவணை என்னுடையது, பன்னிரண்டாம் வரியின் அளவு காய்ந்த மீனிலிருந்து எடுத்தது, தவறு, தவறும் என்னுடையது, முள் வரிசையைச் சொன்னவர் கம்பைநல்லூர்ச் சந்தையில் கருவாடு விற்கும் பாப்பம்மாள். சிவப்பு அட்டைகளின் விவரத்தை மேடம் தனியாக எழுதித் தந்தார், நோட்டின் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினோம். அதே இதழ் அதை வெளியிட்டது. தவறு என்ற சொல்லை அச்சில் பார்த்தபோது வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். செருப்புக்குள் வெகுநாளாகக் கிடந்த கல்லை எடுத்துப் போட்டது போல இருந்தது.

இதழை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"ஒரு எழுத்துப்பிழை இருக்குங்க."

"என்னோடது இல்லைங்க, அவங்களோடது."

"இப்பவும் பாரேன்" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார். மூச்சு வாங்கியது. பிறகு என்னிடம், "நல்லா தூங்குவேன் இன்னைக்கி" என்றார். அவரிடம் நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

மாதா கோயிலில் பூசை முடிந்து கல்லறையில் மண் போட்ட அன்று மகள் அட்டைப்பெட்டியை என்னிடம் தந்தார். மாமாவுக்குக் கொடு என்று அம்மா சொன்னதாம். வீட்டுக்கு வந்து திறந்தேன். மா வரிசையில் எனக்கு ஒரு புது அட்டை இருந்தது, நடுங்கிய எழுத்தில்: ஆசிரியர் மாதையன், பக்கம், வரி. பா வரிசையில் இன்னோர் அட்டை. அதன் எழுத்து நடுங்கவில்லை. என் நோட்டைப் பார்த்த நாளிலேயே, முள்ளை அந்தக் கடையில்தான் கற்றிருப்பேன் என்று ஊகித்து எழுதியிருக்க வேண்டும். 'பன்னிரண்டாம் வரி. அடையாளம் சொன்னவர், கருவாட்டுக் கடை, கம்பைநல்லூர்.' அதற்குமேல் பெயருக்கு ஒரு கோடு, காலியாக. ஓரத்தில் பென்சிலில் பா என்று மட்டும் பிற்பாடு குறித்து, அட்டையை அதற்குரிய இடத்தில் சேர்த்திருக்கிறார். பெயர் தெரிந்த பிறகும் அந்தக் கோட்டை அவர் தொடவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தப் பெட்டிதான். நீங்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நேற்று பேனாவுக்கு மை போட்டு, அந்தக் கோட்டின் மேல் பாப்பம்மாள் என்று எழுதி, ஊதிக் காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.