அப்பா குந்திய இடங்கள்

சுனாமிக்கு அடுத்த கோடையில் அப்பாவுக்கு உப்பின் மேல் திடீரென்று அக்கறை வந்தது. அதுதான் என் சந்தேகத்தின் தொடக்கம்.

அவர் உப்பளத்து ஆள் இல்லை. சென்னைப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடும் கம்பெனியில் வாலிபம் முழுக்கக் கழித்து, ஓய்வு பெற்று மரக்காணம் வந்தவர். நான் உப்பளத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேற்பார்வைக்காரன். வேலை வாங்குகிறேன் என்றுதான் பேர். யாரிடமும் அதட்டிப் பேச வராது. முதலாளிக்கு அதில் குறை உண்டு. "உன்ன மாதிரி வாயில்லாதவன வெச்சிக்கிட்டு நான் எப்படிப்பா உப்பு வாருறது?" என்று ஆட்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறார்.

அப்படியிருக்க, அப்பா சாயங்காலம் தோறும் வரப்பில் வர ஆரம்பித்தார். ஒரு பாத்தியைத் தாண்டுவார், குந்துவார். உப்பைக் கையில் அள்ளி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். எழுந்து அடுத்த பாத்தி வரை போவார். மறுபடி குந்துவார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஒருநாள் முதலாளி பைக்கை நிறுத்தி அவரோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மறுநாள் முதலாளி என்னிடம், "உங்க அப்பாவுக்கு இருக்கிற அக்கறை உனக்கு இல்லியேப்பா" என்றார்.

என் வேலையை இவர் வேவு பார்க்கிறாரா? பெற்ற பிள்ளையின் இடத்துக்கே கண் வைக்கிறாரா? வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"மாமாவா? அவரு மாடிக்குக்கூட ஏறுறதில்ல. உங்க வேலய எடுத்து இன்னா பண்ணப் போறாரு?" என்றாள்.

அதையும் நான் நம்பவில்லை. மாடி ஏறாதவர் உப்பளம் வரை எதற்கு வருகிறார்?

ஒரு வெள்ளிக்கிழமை கூனிமேட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். அப்பாவோடு அதே கம்பெனியில் இருந்தவர். இருவரும் வரப்பில் போவதைப் பம்பு செட் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா குந்தினார். பாயும் குந்தினார். அப்பா உப்பை அள்ளினார். பாயும் அள்ளினார். எழுந்தார்கள், நடந்தார்கள், மறுபடி குந்தினார்கள். பாய் இப்போது மீன் வியாபாரம் பார்ப்பவர். அவருக்கு இந்த உப்பில் என்ன?

என்ன பேசுகிறார்கள் என்று கேட்க, சத்தமில்லாமல் பின்னால் போனேன். இருவரும் பேசவே இல்லை. தோள்கள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து பாய் சொன்னார்:

"மேஸ்திரி வர்றானா பாரு."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நிற்காமல் போனது. திரும்பியவர் என்னைக் கண்டதும் கையிலிருந்த உப்பை உதறினார்.

"உப்பு நல்லா வெளஞ்சிருக்கு" என்றார்.

"டேய், புள்ளைகிட்டயுமா?" என்று பாய் அவர் முதுகில் தட்டினார். பிறகு என்னிடம், "கம்பெனில மூச்சு வாங்குறவன மேஸ்திரி பாத்தா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கப்பா. அதான், மூச்சு முட்டுனா கீழ எதனா பொறுக்குற மாதிரி குந்திக்குவோம். எல்லாருந்தான். உங்கப்பன் இன்னும் ஷிப்ட்லயே இருக்கான்."

"உனக்கு வாய் நீளம்டா பாய்" என்றார் அப்பா. அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு இல்லை.

மறுவாரம் பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சண்டை போட்டுத்தான் வந்தார். டாக்டர் சின்ன வயசு, அவசரக்காரர்.

"நடந்தா மூச்சு வாங்குதா பெரியவரே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இருமல்தான்."

"பீடி?"

"எப்பனா ஒண்ணு."

"எந்த ஊரு?"

"மரக்காணங்க."

"உப்புக்காத்து. சளி புடிச்சிருக்கும்" என்று மருந்து எழுதினார். கதவோரம் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

மருந்து வாங்கும் இடம் நீண்ட தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அப்பா முன்னால் நடந்தார். கொஞ்ச தூரத்தில் நின்றார். அங்கே உப்பு இல்லை, குந்தவும் முடியாது. சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது. விரலை வைத்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார். கர்ப்பிணிகள் என்ன சாப்பிட வேண்டும் என்ற போஸ்டர்.

நான் திரும்பி டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வந்து பாருங்க."

அவர் முகம் சுளித்துக்கொண்டுதான் எழுந்து வந்தார். அப்பா இன்னும் அதே வரியில் இருந்தார்.

"அங்க இன்னா படிக்கிறாரு?"

"படிக்கலீங்க சார். மூச்சு வாங்குறாரு. எப்பவும் இப்படித்தான் மறைப்பாரு."

டாக்டர் கொஞ்ச நேரம் அந்தத் தோள்களையே பார்த்தார். "முன்ன எங்க வேல செஞ்சாரு?"

குரல் கேட்டு அப்பா திரும்பினார். டாக்டரை அல்ல, என்னைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்க்கிற பார்வை அது.

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனில சார். தூசு பறக்க மூட்ட பிரிச்சுக் கொட்டுற எடத்துல."