சூல்வித்தகம் என்ற சொல்

எண்பதுகளின் நடுவில், பிள்ளைப்பேறு பார்க்கப் பெண்களைப் பழக்கும் வகுப்பொன்றை ஊர்காவற்றுறையில் நடத்தினார்கள். ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கிக் கற்பிக்க என்னைப் பிடித்தார்கள். நான் விஞ்ஞான ஆசிரியன். ஒரு பிரசவத்தையும் கண்டவனல்லன். என் பிள்ளைகள் பிறந்தபோதெல்லாம் சந்தியில் நின்று அரசியல் பேசிக்கொண்டிருந்தேன். அந்தத் தகுதியோடுதான் பரீட்சகர் கதிரையிலும் ஏறி அமர்ந்தேன். பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு ஆண்களும் என்னைப் போன்ற அறிவாளிகளே.

நெடுந்தீவிலிருந்து ஒருத்திதான் வந்திருந்தாள். தேறினால் அங்கேயே வேலை பார்ப்பதாகச் சொல்லி வந்தவள். கைவேலையில் அவள்தான் முதல் என்று பழக்கிய நர்ஸ் சொல்லியிருந்தார். வாய்மொழிப் பரீட்சையில் கேட்டேன்:

"பிள்ளை பிறந்த பிறகு எதைக் கவனிப்பீர்?"

"இளங்கொடி முழுசா வந்திட்டுதோ எண்டு பாப்பன், மாஸ்டர். துண்டு உள்ளுக்கை நிண்டால் ரத்தம் நிக்காது."

"இளங்கொடியோ? அது குசினிக் கதை. பிளசென்டாவுக்கு நான் என்ன சொல் படிப்பிச்சனான்?"

"சூல்வித்தகம். ஆனா சூல்வித்தகம் வந்திட்டுதோ எண்டு கேட்டால் எங்கட சனம் ஆரோ பெரிய ஆள் வாறார் எண்டு கதிரை எடுத்துப் போடும், மாஸ்டர்."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சொன்ன பதிலில் ஒரு பிழையும் இல்லை. அந்தச் சிரிப்புக்காகவே பெயில் போட்டேன். தமிழைக் காப்பாற்றுகிறேன் என்று மற்ற இருவருக்கும் விளக்கம் வேறு கொடுத்தேன். அவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டத்தானே வந்தவர்கள்.

வெளியே அவள் காத்து நின்றாள்.

"சூல்வித்தகம், சூல்வித்தகம். போதுமோ, மாஸ்டர்? இன்னொருக்காக் கேளுங்கோ. அங்கை வயித்துப் பிள்ளையோடை ஆக்கள் இருக்கினம்."

"ஏலாது. பகிடி விடுற இடமில்லை இது."

நெடுந்தீவுப் படகைப் பிடிக்கக் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

என் சொற்களை அச்சுப் பிசகாமல் ஒப்புவித்த வேலணைப் பெண்ணை நெடுந்தீவுக்கு நியமித்தார்கள். அவள் படகில் சத்தியெடுத்தபடி ஒருமுறை போனாள். திரும்பி வந்து இடமாற்றம் வாங்கிக்கொண்டாள். அதன் பின் அந்த வேலைக்கு ஒருவரும் போகவில்லை.

பிறகு எத்தனை பெண்களை வலியோடு படகில் ஏற்றினார்கள், எத்தனை பேர் கரை சேர்ந்தார்கள் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் கேட்பதில்லை.