சாளை மீன் பரிமாறிய வீடு

மணப்பாட்டை இன்றும் வெள்ளை நிறத்தில்தான் நினைத்துக்கொள்கிறேன். மணல் வெள்ளை, குன்றின் மேல் கோயில் வெள்ளை, உச்சி வெயிலில் கடலும் வெள்ளை. நிலம் கடலுக்குள் நடந்துபோய், திரும்ப மனமில்லாமல் நின்றுவிட்டது போன்ற ஊர். எங்கள் காமயகவுண்டன்பட்டியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை வந்து மறித்துக்கொள்ளும். பார்வை முட்டாமல் போய்க்கொண்டே இருக்கும் இடத்தை எட்டு வயதில் அங்கேதான் முதலில் கண்டேன்.

கோயிலுக்குப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். சித்தியைப் பெண் பார்க்கவும் ஏற்பாடாகியிருந்ததை, வேனில் அம்மா அவள் தலையில் திரும்பத் திரும்பப் பூவைச் சரிசெய்ததில் நானே கண்டுபிடித்தேன். சித்தி அப்போது தேனியில் நர்சிங் முதல் வருடம். கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும் என்று அழுது பார்த்திருந்தாள்.

"வாத்தியார் குடும்பம்டி. நம்மளா வேண்டாம்னு சொல்ல முடியாது. அவுகளா வேண்டாம்னா விட்டுர்றேன்" என்று அம்மா முடித்துவிட்டாள்.

அவர்கள் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பள்ளிக்கூட வேலைக்காகக் கடற்கரைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். காலையில் கோயில், அதன் கீழே பாறைக் குகை, பெரிய பெரிய கதவுகள் வைத்த பழைய வீடுகளின் தெரு என்று நான் மனதில் போட்டுவைத்திருந்த வரிசைப்படியே எல்லாம் பார்த்தோம். மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு.

இலையில் சாளை மீன் குழம்பு வந்தது. உடம்பெல்லாம் முள். அந்த வீட்டுக்கு வரப்போகும் பெண்ணுக்கு முதல் சாப்பாடு அதுதானாம். "முள்ளெடுத்துத் திங்கத் தெரிஞ்சாத்தான் எங்க கரையில காலந்தள்ள முடியும் மக்கா" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தபடி சித்தியின் இலையில் மூன்று மீன்களை வைத்தார்.

சித்தி ஒரு துண்டைப் பிட்டாள். இருமினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு மீன்களை இலையோரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, "பயமாருக்கு" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "சித்தி, வைகை டேம் கெண்டையில பூனைக்கு ஒரு முள்ளுகூட விட மாட்டீகளே!"

இலைகளின் மேல் கைகள் நின்றன. அம்மாவின் முகம் சிவந்தது. சித்தி தலை நிமிரவில்லை.

எதிரே இருந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். பிறகு தம் அம்மாவிடம், "டேம் மீனு முள்ளு வேற, கடல் மீனு முள்ளு வேறல்லா? பழகாதவங்களைப் போட்டு ஏன் பாடுபடுத்துதீங்க?" என்றார்.

சாயங்காலம் இருவரையும் மணல்திட்டுப் பக்கம் பேச அனுப்பினார்கள். காவலுக்கு நான். ஆற்றுத் தண்ணீர் கடலில் சேர்ந்தும் சேராமலும் கிடந்த இடத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"படிக்கணுமா?" என்றார் அவர்.

சித்தி தலையாட்டினாள்.

"நேரா சொல்லியிருக்கலாம்லா. பாவம், சாளை என்ன செஞ்சிச்சு?"

அன்றைக்கு முதல்தடவையாகச் சித்தி சிரித்தாள். "சொன்னா எங்கக்கா கேக்காது. நீங்க வேண்டாம்னாத்தான் விடுமாம்."

அவர் வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். "சரி. நான் சொல்லிக்கிடுதேன்."

பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் இருவரும் திரும்பவில்லை. தூரத்துப் படகு ஒன்றைக் காட்டி அவர் ஏதோ சொன்னார். சித்தி பறக்கும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கேட்டாள். வெளிச்சம் மெல்ல மெல்ல மணலிலிருந்து எழுந்து போனது. என் பாவாடை மடியில் சிப்பிகள் நிறைந்து வழிந்தன. அப்போதும் அவர்கள் அங்கேயே நின்றார்கள்.

திருநெல்வேலியைத் தாண்டும்போது அம்மாவின் போன் அடித்தது. கேட்டு முடித்து, "வேண்டாம்ட்டாக! முள்ளுக்குப் பயந்த பிள்ளை கடக்கரைக்கு ஒத்துவராதாம். மாப்பிள்ளையே சொல்லிட்டாராம்" என்று பொருமினாள். அப்பா, "ஆகட்டும், படிக்கட்டும்" என்றார்.

சித்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"நீங்க நெனச்சதுதான நடந்துச்சு?" என்று அவள் காதில் கேட்டேன்.

"ஆமாடி."

"பெறகு ஏன் அழுகுறீக?"

என்னை மடியில் சாய்த்துக்கொண்டாள். சந்தோஷம் மிஞ்சிப் போனால் பெரியவர்களுக்கு அழுகைதான் வரும்போல என்று எண்ணிக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.